நீலச் சாடியின் உடைந்த விளிம்பு

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தங்கை ரேவதிக்கு,

சக்கரபாணி எழுதுகிறேன். ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை செழியனும் சுகமா? இங்கே மழை இல்லை. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம்தான் மாதாமாதம் ஜாஸ்தியாகிறது. உன் முகவரியைக் கீழ்பென்னாத்தூரில் உன் அம்மாவிடம் வாங்கினேன். மோர் கொடுத்தார். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

நம் அருங்காட்சியகத்தின் நீலக் கண்ணாடிப் பூச்சாடியை நீ உடைத்துவிட்டதாகச் சொல்லி உன்னை வேலையைவிட்டு அனுப்பி ஆறு வருடமாகிறது. உடைத்தது நான்.

அந்தப் பௌர்ணமியன்று சாலைகளை அடைத்திருந்ததால் பார்க்க யாரும் வரவில்லை. என் மகள் கீர்த்தனா சாப்பாடு கொண்டுவந்தாள். அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அந்த ஜாடியைக் கையில வச்சிக்கினு ஒரே ஒரு போட்டோப்பா" என்றாள். பார்க்க வருகிறவர் யாருக்கும் திறக்காத அலமாரியை, என்னிடமிருந்த சாவியால் அவளுக்காகத் திறந்தேன். அவள் போன பிறகு சாடியைத் திரும்ப வைக்கும்போது சட்டத்தில் இடித்துவிட்டேன். விளிம்பில் நகமளவு சில்லு தெறித்தது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துப் பூட்டினேன்.

மறுவாரம் தூசி துடைக்க அலமாரியைத் திறந்தபோது நீதான் அதைப் பார்த்து அலுவலகத்தில் சொன்னாய். சொன்னவள் மேலேயே பழி விழுந்தது. "நான் தொடறதுக்கு முன்னாடியே உடைஞ்சிருந்துச்சு, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாய். "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு பேத்தி பிறக்கட்டும் என்று. போன மாதம் வந்திருந்த கீர்த்தனா, பழைய படங்களைப் பார்த்தபடி, "ரேவதி அக்கா ஏம்ப்பா வேலைய விட்டாங்க?" என்றாள். சொல்லிவிட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். இன்னும் போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை நிர்வாகியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "அந்தம்மாதான் போயிட்டாங்களே, ரிட்டயராகிற நேரத்துல உங்களுக்கு எதுக்குங்க இது" என்று திருப்பித் தரப் பார்த்தார். வாங்கிக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போடும்வரை நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதன் நகல் இதோடு இருக்கிறது. உன்னைச் சந்தேகமாகப் பார்த்த எல்லோரிடமும் காட்டு.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். செழியன் நன்றாகப் படித்து, நெடுநாள் சுகமாக இருக்கட்டும். தன் அம்மா பொய் சொல்லவில்லை என்று அவனுக்கு ஒருநாள் தெரியவேண்டும். அதற்காகவாவது இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடாதேம்மா.

உன் முகம் பார்க்கத் துணிவில்லாத,
சக்கரபாணி