பூப்போட்ட உறை

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் போகிறேன், வர இருட்டிவிடும். சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் வரச் சொன்ன கம்ப்யூட்டர் கடைக்காரர் சாயங்காலம் வருவார். புதுசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். பழசு சூடாகிறது, பாதி வேலையில் அணைந்துபோகிறது, புதுசுதான் வேண்டும், அதுவும் பெரிய பெட்டியாக வேண்டும் என்று ஒரு மாதமாக என் உயிரை வாங்கினீர்கள். பொறுக்க முடியாமல் இன்று காலை ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. தூசி படாமல் இருக்க நான் தைத்து மாட்டிய பூப்போட்ட உறையைக் கழற்றினார். "ஓடும்போதும் இதப் போட்டு மூடி வெச்சா அது எப்படிம்மா மூச்சு விடும்? சார்கிட்ட போன மாசமே சொன்னேனே!" என்றார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்த உறைய எடுத்துடும்மா" என்று சொல்ல உங்களுக்கு வாய் வராதா? என் மனசு நோகக் கூடாது என்று ஒரு கம்ப்யூட்டரையே வாங்கக் கிளம்பிவிட்டீர்களே! பெரிய பெட்டி எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. இந்த உறை அதற்குப் பத்தாது!

வந்து பேசிக்கொள்கிறேன்.

பி.கு.: உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மழை வந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். கம்ப்யூட்டர்மேல் வேண்டாம்!

இன்னொன்று. நீங்கள் இன்று போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையும் நான் தைத்ததுதான். உண்மையைச் சொல்லுங்கள், கழுத்தைப் பிடிக்கிறதா?