அப்பா எழுதி அடித்த நான்காவது காரணம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். அப்பாவும் சுகமாக இருப்பதாகத்தான் சொல்கிறார், அதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. தொண்டை வலி போய்விட்டது என்று நீ போனில் சொன்னாய், சொல்லும்போதே இரண்டு தடவை இருமினாய், ஆகவே அதையும் நம்பவில்லை. மாப்பிள்ளை மட்டும் நலமாக இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நான் வைத்த அடுத்த நிமிடம் நீ அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாய். உங்கள் இரண்டு பேரின் கூட்டணியை நான் இன்றா நேற்றா பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். அப்பா கார் வாங்கப் போகிறாராம். புதுக் காரும் இல்லை, ஓடுகிற காரும் இல்லை. நம் பின்தெருப் பல் டாக்டர் இருக்கிறாரே, உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவர், அவர் வீட்டு ஷெட்டில் ஒன்பது வருடமாகத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிற கார். அவருக்குக் கண் பார்வை மங்கியதிலிருந்து அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறார், அங்கே கார் நிறுத்த இடமில்லை, யாராவது எடுத்துக்கொண்டால் சும்மாவே கொடுக்கிறேன் என்கிறார். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்துப்போவாராம். சும்மா என்று கேட்டதுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருடம் விபத்து மனுக்களைப் படித்தவள் நான். நிஜமாக இடித்துக்கொண்டவனுக்குப் பாதி ஞாபகம் இருக்காது, பொய் சொல்கிறவன்தான் மூன்று பக்கம் எழுதுவான். பல் டாக்டர் அந்தக் காரைப் பற்றி நிறையப் பேசுகிறார்.

அப்பா பேசுவதே இல்லை, அது இன்னும் மோசம். போன திங்கட்கிழமை பேப்பரை மடித்துக்கொண்டே, "டாக்டர் காரை எடுத்துக்கலாம்னு இருக்கேன், கொஞ்சம் கொஞ்சமா நானே ரிப்பேர் பண்ணிடுவேன்" என்றார், அவ்வளவுதான். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மேலும் கீழும் போகிறது உங்களுக்குத் தெரியும், முன்னும் பின்னும் போகிறதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். மோட்டார் எல்லாம் மோட்டார்தான் என்றார். சரி, ஆபீஸ் வழக்கப்படி காரணங்களை எழுத்தில் கொடுங்கள் என்றேன். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஒன்று, கைக்கு வேலை வேண்டும். இரண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம், ஓடாத காரில் எப்படிப் போவது என்று நீயே கேள். மூன்று, டாக்டர் நல்ல மனிதர். நான்காவது ஒன்று எழுதி, அதன்மேல் பேனாவால் அடித்து அடித்துக் காகிதமே கிழிகிற மாதிரி ஆக்கியிருந்தார். என்ன அது என்றால், "ஒண்ணுமில்ல, தப்பா எழுதிட்டேன்" என்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தினமும் காலை பத்து மணிக்கு நடைப்பயிற்சி என்று கிளம்பிப் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். இரண்டு மணி நேரம் நடந்தவர் சட்டையில் வேர்வையே இல்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் தேயவே இல்லை. பேக்கரியில் உட்கார்ந்து எதையாவது இனிப்பாக மொக்கிக்கொண்டிருக்கிறாரோ என்று சட்டைப் பையைக்கூடத் தடவிப் பார்த்துவிட்டேன், ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. ஹாலில் இருந்த பழுப்பு நிறத் திண்டு வேறு காணாமல் போயிருக்கிறது. உறையைத் துவைக்கப் போட்டபோதுதான் போயிருக்க வேண்டும் என்று சலவைக்காரரிடம் சண்டை போட்டேன், அவர் சத்தியம் செய்கிறார். நாளை சாயங்காலம் அப்பா கடைக்குப் போகிற நேரம் பார்த்து நானே போய் அந்தக் காரைப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. நான்கு நாளாக இந்தக் கடிதம் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை டார்ச், நோட்டு, பழைய துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் தார்ப்பாயை விலக்கிவிட்டு எனக்கு ஒரு நாற்காலியும் போட்டார், அதற்கும் சந்தேகப்பட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். நான்கு டயரும் சப்பென்று தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. முன்பக்க மூடியைத் தூக்கினால் உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது, ஒயரில் பாதியைத் தின்றுவிட்டது. காலடி விரிப்பை எடுத்தால் துருப்பிடித்த ஓட்டை வழியாகத் தரை தெரிகிறது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டின் கதவை இழுத்தேன், வரவில்லை, இன்னும் பலமாக இழுத்தேன். "அது வெளியிலேருந்து திறக்காதும்மா, உள்ள இருக்கறவங்க திறந்தாதான் உண்டு, ரொம்ப வருஷமா அப்படித்தான்" என்றார் டாக்டர். நோட்டில் முதல் குறையாக அதைத்தான் எழுதினேன்.

பதினாறு குறை எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். பின்சீட்டில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. டிரைவர் சீட் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, ஸ்டியரிங் பளபளக்கிறது. முதுகு சாய்கிற இடத்தில் நம் வீட்டுத் திண்டு. கதவுப் பையில் ஒரு பென்சில், பாதி போட்ட குறுக்கெழுத்து, அன்றைக்குத் தேதியிட்ட பேப்பர். யார் இங்கே உட்காருகிறார்கள் என்று கேட்டேன். டாக்டர் திருதிருவென்று விழித்தார். "அவர் உங்ககிட்ட சொல்லலையா? தினமும் வந்து ஒக்காந்துட்டுப் போவாரேம்மா. ஆறு மாசமா வர்றார்." ஆறு மாதம். நான் ரிட்டயர் ஆகி ஏழு மாதம். அப்பா ரிட்டயர் ஆகிப் பதினொரு மாதம் ஆகிறது. அந்த முதல் நான்கு மாதமும் வீட்டிலேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்தானே. இந்தக் கணக்குக்கு நோட்டு தேவைப்படவில்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன், முப்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தவளிடம் வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று. அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் என்னை நானே கவனித்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் என்ன தேடுறீங்க, ஜன்னலோரம் நின்றால் என்ன பாக்குறீங்க, குளியலறையிலிருந்து வந்தால் ஏன் இவ்வளவு நேரம், சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன யோசிக்கிறீங்க. அவர் பத்து மணிக்குக் கிளம்புவதற்குள் பதினொரு கேள்வி கேட்டிருந்தேன், பன்னிரண்டாவதாக எங்கே போறீங்க என்று வேறு கேட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன. ஆபீஸ் மேஜையை நான் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது.

நேற்று பதினொன்றரை மணிக்குப் போனேன். காருக்குள் அப்பா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் நம் வீட்டில் உட்கார்ந்து நான் சமீபத்தில் பார்க்கவில்லை, அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கதவின் குறை மறந்துபோய்க் கைப்பிடியை இழுத்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தார், என்னைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது. நான் இழுப்பதை விட்டுவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம், இவர் திறக்க மாட்டார், திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் எட்டிச் சாய்ந்து உள்ளேயிருந்து திறந்தார். உக்காரு என்றார். உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை, நம்பினால் நம்பு, இருபது நிமிடம் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். "நாலாவதா எழுதினதைப் படிச்சா நீ சங்கடப்படுவேன்னு அடிச்சுட்டேன். வீட்ல எங்க உக்காந்தாலும் ஏன் அங்க உக்காந்தேன்னு பதில் சொல்ல வேண்டியிருக்கு. இங்க சும்மா உக்காந்திருக்கலாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டையைக் கொடுத்தார், இதை எப்போது துவைத்தது என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. எடுத்துக்கலாம், ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி என்றேன். நிஜமாவா என்று அவர்தான் சந்தேகப்பட்டார்.

இன்று காலை இரும்புக்காரர் வருவதற்கு முன்னாலேயே இழுவை வண்டி வைத்துக் கொண்டுவந்துவிட்டோம். உன் அறை ஜன்னலுக்கு நேரே நிற்கிறது. காரின் பேப்பர்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன், சரியாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் பல் டாக்டர் போகிற போக்கில் இரண்டு உடைந்த பூந்தொட்டியையும் நம் தலையில் கட்டிவிட்டார், அவர் மேல் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. சலவைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பதினாறு குறைகளின் பட்டியலை அப்பாவிடமே கொடுத்துவிட்டேன், எலிக்கூட்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பட்டியலில் முதலாவதை மட்டும் கொடுப்பதற்கு முன்னாலேயே பேனாவால் அடித்துவிட்டேன்.

நீ என் மகள், அதனால் ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்காதே. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. தினமும் பதினொரு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்து பேசுவாயே, அவர் நடந்துகொண்டே பேசுவதாகச் சொல்வார், ஒரு நாளாவது பின்னால் தெருச் சத்தம் கேட்டதா? உனக்கு முன்பே தெரியும் என்று எனக்குச் சந்தேகம். தெரிந்திருந்தாலும் சொல்ல வேண்டாம், இந்த ஒன்றை நான் கேட்காமல் விட்டுவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது ஞாபகம் வைத்துக்கொள். அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுக்காதே. கண்ணாடியில் மெதுவாகத் தட்டிவிட்டு நில். அப்பா திறப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா