சார்ஜ் மட்டும் ஏறுகிறது

அம்மா,

பல் குத்தும் குச்சியின் முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சொல்யூஷன் வாடை. ஷூ கம்பெனியில் நீ நாளெல்லாம் தோலின் மேல் தடவிய பசைதான். தோல் தூசும் அந்தப் பசையும் சேர்ந்து கம்பளிபோல் இறுகி, உன் போனில் சார்ஜர் செருகும் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தன. உன் சேலைகளைச் சித்தி துவைத்து எடுத்துப்போய்விட்டாள். நீ குடியிருந்த வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. உன் வாடை கடைசியாக மிஞ்சியிருந்தது இந்த ஓட்டைக்குள்தான். அதையும் நான் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மிக்சி ஓடினாலும் கலையாத தூக்கம். எவ்வளவு சமத்து என்று நான் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்ட தூக்கம்.

சாயந்திரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக என் மாமியார் வீட்டுக்கு வருவாய். பேத்தியைப் பார்க்க வந்தேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டாய். போன் ரிப்பேர் என்பாய். தினம் ஒரு வியாதி அதற்கு. "படம் படுத்துக்குதுடி" என்றால் திரை தானாகத் திரும்பிக்கொள்கிறது என்று பொருள். "ஊமையாப் பூடுச்சி" என்றால் சைலண்டில் கிடக்கிறது. பசை காய்ந்த விரலால் தொட்டு அது நகராவிட்டால், "செவுடாயிடுச்சிடி, எத்தினி வாட்டி தட்டினாலும் கேக்கமாட்டேங்குது." திரையையும் உன் விரல்களையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இப்ப கேக்குதா?" என்பேன்.

"இதுக்குத்தான் பி.சி.ஏ. படிக்க வெச்சேனா? தொடைக்கறதுக்கு?"

என் மாமியார் காதில் விழும்படியாகத்தான் சொல்வாய். குழந்தைக்குச் சோறு ஊட்டினால், "புள்ள வாயாடி அது, பசை டப்பாவா? இந்தத் திணி திணிக்கற." அவளுக்குப் பெயர் வைத்தபோது, "யாழினியா? வாய்ல நொழையற பேரா ஒண்ணு கெடைக்கலயா?" உன்னிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதைவிடச் சூப்பர்வைசரிடம் லீவு வாங்குவது சுலபம் என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய்.

அவளுடைய முதல் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு வந்து, போனை என் மடியில் வைத்தாய். எதிரே மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செவுடா கீதுடி," என்றாய். குரலைத் தணித்துச் சொன்னாய். நீ குரலைத் தணித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. "நானும் தட்டித் தட்டிப் பாத்துட்டேன். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு."

போட்டேன். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

"ஓட்டைல தூசு அடைச்சிருக்கும்மா. சார்ஜ் மட்டும் ஏறுது." வழக்கம்போலத் திரையைத் துடைத்து நீட்டினேன். "இந்தா, தொட்டுப் பாரு. இப்ப கேக்குது."

நீ என்னைப் பார்த்தாய். மாமியாரைப் பார்த்தாய். "ஆமா. இதுக்குக் கேக்குது," என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

பிறந்தநாள் அன்று வீடு நிறைய மாமியார் பக்கத்துச் சொந்தம். பாட்டுப் போட்டார்கள். நான் கைதட்ட, யாழினி குதித்தாள். "பாட்டுக்கு எப்பிடி ஆடறா பாருங்க!" என்றேன்.

"பாட்டுக்கு ஆடல. உங்கையப் பாத்து ஆடுது," என்றாய் கதவோரத்திலிருந்து. "எத்தினி நாளுதான் மூடி வெப்ப? உம்பொண்ணு செவுடுடி."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். பாப்பா மட்டும் குதித்துக்கொண்டே இருந்தாள். "பொண்ணு எடுத்த எடந்தான் இப்பிடின்னு பாத்தா, வாரிசுமா?" என்று என் நாத்தனார் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. உன்னைத் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டுபோய், இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றேன்.

"நான் வர்லடி. நீ வருவ."

வரவேண்டியதாகத்தான் போயிற்று, மாலையோடு. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவள் நின்ற இடத்திலேயே சரிந்தாய் என்றார்கள். உன் கையில் இருந்த போன் கீழே விழுந்து, மேல் பக்கத்துத் திரை செத்துப்போயிருந்தது.

அதன் பிறகும் பாப்பாவுக்குப் பேச்சு வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சோதித்துவிட்டு, "பொறந்ததுல இருந்தேவா, நடுவுல போச்சா?" என்று டாக்டர் கேட்டார். முன்பெல்லாம் நன்றாகக் கேட்டது, கூப்பிட்டால் சிரிப்பாள் என்று அடித்துச் சொன்னேன். என் போனில் இருந்த வீடியோக்களைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "எல்லாத்துலயும் உங்க முகத்தைப் பாத்துட்டு இருக்காம்மா. வேற யாராவது எடுத்தது இருக்கா?"

அப்போதுதான் உன் போனை பீரோவிலிருந்து எடுத்தேன். பூட்டே கிடையாது. 'எங்கிட்ட இன்னா கீது பூட்டி வெக்க' என்பாய். அதில் அத்தனை வீடியோவும் பாப்பாவின் முதுகு. முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஸ்பீக்கரிலும் பசை, சத்தம் இல்லை. பேத்தியின் முகத்தைக்கூட எடுக்கத் தெரியவில்லையே உனக்கு என்று எரிச்சலாக வந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் போன் உடனே அணைந்தது. கடைவீதியில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்கார பாய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாமா, உள்ள பாதி கம்பெனி கீது! டச்சும் போச்சு, பேட்டரியும் போச்சு. பேஜார் பண்ணாம தூக்கிப் போடு," என்றார்.

வீட்டுக்கு வந்து நானே குத்தி எடுத்தேன். அப்படியும் சார்ஜ் மட்டும்தான் ஏறியது. நான் செருகியிருந்தது பவர் பேங்கோடு வந்த ஒயர். அதில் கரண்டு மட்டுமே போகும், படம் போகாது. உன் போனோடு வந்த பழைய ஒயரைத் தேடி மாட்டினேன். கம்ப்யூட்டர் மணியடித்தது. ஆனால் ஃபைலை அனுப்பட்டுமா என்று போன் கேட்கும் கேள்வியை மேலிருந்து இழுத்து அல்லவா அமுக்க வேண்டும்? மேல் பக்கம்தான் செத்துவிட்டதே. சட்டென்று உன் பழைய புலம்பல் ஞாபகம் வந்தது. போனைப் பக்கவாட்டில் சாய்த்தேன். படம் படுத்துக்கொண்டது. செத்த பட்டை ஓரமாகப் போயிற்று. இழுத்தேன், வந்தது.

கம்ப்யூட்டரில் சத்தத்தோடு ஓடவிட்டேன்.

"யாழு... யாழினி..." உன் குரல். தட்டில் கரண்டியால் அடிக்கிறாய். குக்கர் விசில் அடிக்கிறது. தெருவில் பஸ் ஹாரன். முதுகு அசையவே இல்லை. "அடியே சனியனே, ஒரு வாட்டி திரும்புடி!" எல்லா வீடியோவிலும் இதே. கடைசியில் ஒன்றில் போன் தரையில் கிடக்கிறது, ஃபேன் மட்டும் தெரிகிறது. "உங்கம்மாகிட்ட எப்பிடிடி சொல்லுவேன்? ஒடைஞ்சிடுவாளே அவ" என்கிறாய்.

அந்தக் குரலில் என்னிடம் சொல்லியிருக்கலாம் அம்மா. அதைப் போனிடம் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஊரைக் கூட்டி வைத்துக் கல்லால் அடித்தாய். நீ சொன்னது உண்மை என்பதற்காக உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை. நீ செத்துப்போனதற்காகவும் மன்னிக்கப்போவதில்லை.

டாக்டர் இரண்டு வீடியோவோடு நிறுத்திவிட்டார். பிறவியிலிருந்தே என்று எழுதினார்.

இப்போது பாப்பாவின் காதில் மிஷின் இருக்கிறது. மாட்டிய புதிதில், நான் "யாழு கண்ணா" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். முதுகுதான் பதில். தோற்றுப்போய், உன் வீடியோவைப் போட்டேன். "அடியே சனியனே!"

திரும்பினாள்.

எழுந்து வந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் பார்த்தாள். பிறகு சத்தத்தைத் தேடிக் கதவுப் பக்கம் போய் நின்றாள், சாயந்திரம் நீ வந்து நிற்பாயே, அங்கே.

கொஞ்சலாகக் கூப்பிட்டால் இன்றைக்கும் அவள் திரும்புவதில்லை. அதனால் உன்னைப் போலவே அடிவயிற்றிலிருந்து கத்துகிறேன். உன் குரல் அப்படியே வருகிறது எனக்கு. அந்த வார்த்தையும் வந்துவிடுகிறது. மாமியார் முகத்தைச் சுளிக்கிறார்.

பாப்பா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.