பன்னிரண்டு புள்ளி குறைவு

செப்டம்பர் 28, சனி
டுலுத்தில் இப்போதே ஸ்வெட்டர் குளிர். காலையில் நிலவறையில் பியர் வேலை. என் வீட்டுக்காரர் ஆர்லன் முளைகட்டிக் காயவைத்த பார்லி மால்ட்டை அரைத்தார். நான் எல்லாவற்றையும், சாற்றின் சர்க்கரையை அளக்கும் கண்ணாடிக் குழல் ஹைட்ரோமீட்டரைக்கூட, கொதிநீரில் பளபளவென்று கழுவி வைத்தேன். ஊறவைத்து வடித்த சாற்றில் சர்க்கரை குறைவு. 1.040. முப்பது வருஷமாக 1.052க்குக் குறைந்ததே இல்லை.
இவர் எதையாவது மறந்திருப்பார். கார் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்தவர்தானே.

அக்டோபர் 12
மறுபடியும் 1.040. இன்னும் நைசாக அரைபட அரவை உருளைகளை நெருக்கிவைத்தேன், ஊறல் சூட்டை இரண்டு தடவை பார்த்தேன், அரை மணி கூடுதலாக ஊறவிட்டேன். ம்ஹூம். கத்திவிட்டேன்: "பாதி மால்ட்ட எங்க கொட்டினீங்க? இதுகூடவா முடியல?"
எல்லாவற்றையும் அரைத்ததாகத்தான் நினைக்கிறேன் என்றார், தன் கையைப் பார்த்துக்கொண்டே.

அக்டோபர் 30
டாக்டர் சொல்லிவிட்டார். மறதி நோய், ஆரம்பக் கட்டம்.
காரில் ஆர்லன், "பியர் அப்பவே சொல்லிடுச்சு, இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். ஏன் ஆமாம் என்றேன்?

நவம்பர் 16
இனி அரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். எனக்கும் 1.040தான் வந்தது. கை பழகவில்லை போலிருக்கிறது. சர்க்கரையைக் கூட்ட, கடையில் வாங்கிய மால்ட் பொடியைக் கொட்டி 1.052க்கு ஏற்றினேன். பொடியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.
"பாத்தியா, நான் தொடலைன்னா சரியா வருது" என்றார்.

டிசம்பர் 26
பனி வாரிய களைப்பில் பக்கத்து வீட்டு ஜோனி இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு எங்கள் சோபாவிலேயே தூங்கிவிட்டாள். எழுந்ததும், "இதுல என்னத்த ஊத்தின, லோர்னா? முட்டியே மடங்குது" என்றாள். 1.052 பியர் அப்படியெல்லாம் செய்யாதே?

ஜனவரி 4
பியர் சாமான் கடை கர்ட்டிடம் ஜோனி தூங்கிப்போனதைச் சொன்னேன். ஹைட்ரோமீட்டரை வெறும் தண்ணீரில் போட்டுப் பார்த்தாயா என்றார். வீட்டுக்கு வந்து போட்டேன். 1.000 காட்ட வேண்டும். 0.988.
குழலுக்குள் எண் எழுதிய தாள் கீழே சரிந்திருக்கிறது. கொதிநீர் பட்டால் பசை இளகுமாம். பன்னிரண்டு புள்ளி. நான் பொடி கொட்டிய பியர் உண்மையில் 1.064, அதுதான் ஜோனியைச் சாய்த்திருக்கிறது.
கழுவியது நான். நான்தான் —
அவர் அரைத்தது எல்லாம் சரி. ஒவ்வொரு தடவையும் சரி. அவருக்கு மிச்சமிருந்த ஒரு வேலை, அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

ஜனவரி 5
எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே. என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அப்ப நான் நல்லாத்தான் அரைச்சேனா?" சிரித்தார். எத்தனை மாதமாயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து.

ஜனவரி 11
புது ஹைட்ரோமீட்டர். தண்ணீரில் சோதித்துவிட்டேன். அரவைக் கைப்பிடியை அவர் கையில் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
"வேண்டாம் லோர்னா. நான் தொட்டா கெட்டுப்போயிடும்."
போன வாரம் நான் சொன்னது அவர் நினைவிலிருந்து போய்விட்டது. அக்டோபரில் கத்தியது போகவில்லை.

ஜனவரி 25
இன்றும் முதலிலிருந்து சொன்னேன். அப்படியானால் நல்லாத்தான் அரைத்தேனா என்று இன்றும் சிரித்தார். வாருங்கள், அரைக்கலாம் என்றேன். போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.
நான் அரைத்தேன். 1.052.