நட்ட மரம் என்று நான் சொன்னது

என் செல்ல மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே உன் சித்திக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை, போன வாரம் டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு இருபது வயசுக்காரனுக்குக்கூட இப்படி ஓடாதே ஐயா என்று எழுந்தே நின்றுவிட்டார். அவர் எழுந்தது அடுத்த ஆளைக் கூப்பிட என்கிறாள் சித்தி. குளியலறைக் கதவு மழைக்கு ஊதிப்போய் மூட மாட்டேன் என்கிறது, நானே இழைத்துவிடுகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் குரல் காதில் விழுந்தால் நான் எதையாவது ஜோடித்துச் சொல்லிவிடுவேன், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் கம்பெனி நான் மரம் பிரிக்கிற ப்ளைவுட் மில்லில் பணம் போட்டுப் பலகையும் வாங்க ஆரம்பித்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தது, காட்டில் தானாக வளர்ந்த மரம் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, நட்டு வளர்த்த மரம் மட்டும்தான் என்று. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை உன்னுடையது. அன்றைக்கு நீ போனில், சித்தப்பா, உங்க மில்லை நம்பலாமா, உண்மையைச் சொல்லுங்க என்று கேட்டாய். என் கண்ணைத் தாண்டி ஒரு காட்டுக் குச்சி உள்ள வந்துடுமா, எந்த மரத்தையும் தட்டிப் பார்த்தே ஜாதகம் சொல்றவன்டி நான் என்றேன். நீ சிரித்தாய். அந்த வாரமே லாரியில் வந்த மரங்களை நான் தட்டினேன், காட்டு மரங்கள்தான். மரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் நட்ட மரம் என்று எழுதியிருந்தது, நான் சீட்டைப் படித்தேன் கண்ணு, மரத்தைப் படிக்கவில்லை. என்னால்தான் நம் ஊர் மில்லுக்கு இந்த வாய்ப்பு வந்தது என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது, அதை எப்படித் திரும்ப வாங்குவது.

போன செவ்வாய்க்கிழமை உன் கம்பெனி வெளியிலிருந்து அனுப்பிய ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். அதில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி, உன் வயசுதான் இருக்கும், ஐயா, நீங்க தொட்டுப் பார்த்தே மரத்தோட வயசைச் சொல்வீங்களாமே என்றாள். என்னிடம் அப்படிக் கேட்கலாமா. வயசு என்னம்மா வயசு, அது நின்ன சரிவு எது, காத்து எந்தப் பக்கம் அடிச்சதுன்னுகூடச் சொல்லுவேன் என்று பக்கத்தில் கிடந்த கட்டையில் கையை வைத்தேன். இது இருநூறு வருஷத்துக்குக் குறையாது, மேல்மலையில மேற்குச் சரிவு, நட்ட மரம் இவ்வளவு இறுகாது என்று கடகடவென்று சொல்லிவிட்டேன். அவள் குனிந்து அந்தக் கட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள், அதில் பதினெட்டு வயது, தோட்ட மரம் என்று இருந்தது. நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். ரம்பக்காரன் மெஷினை நிறுத்திவிட்டான். வாழ்நாள் முழுக்க நான் விட்ட கதையை எவனும் எழுதிக்கொண்டதில்லை, நிஜத்தைச் சொன்ன அன்றைக்கு எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. பெரியவரே, நீங்க சும்மா கதை விட்டதா ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, உங்க பேச்சு எப்படின்னு ஊருக்கே தெரியும், உங்க பொண்ணும் தப்பிச்சுக்கும் என்றார். வெளியே வந்தால் ரம்பக்காரன், அண்ணே, புலியை முறைச்சே திருப்பி அனுப்பினவரு நீங்க, ஒரு மேனேஜரை முறைக்க முடியலையா என்கிறான். வீட்டில் சித்தி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். உங்க அண்ணன் போனதுலேருந்து நம்ம கையில வளர்ந்த பிள்ளை, அதோட வேலை போயிடும், இத்தனை பொய் சொன்னீங்களே, இன்னொண்ணு சொன்னா என்ன என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்கு முன்னால் ஒருதடவை மேலே போய்ப் பார்த்துவிடலாம் என்று லாரிக்கார மொட்டையோடு ஏறினேன். மேல்மலை எனக்கு உள்ளங்கை மாதிரி என்று உனக்கு எத்தனை கதை சொல்லியிருப்பேன், உண்மையில் நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. மேற்குச் சரிவு முழுக்க வெறும் அடிக்கட்டை. ஓடை சேறாக ஓடுகிறது, குடத்தோடு வந்த ஒரு அம்மா பாதி மொண்டு கொட்டிவிட்டு மேலே நடந்து போனாள். ஒரு அடிக்கட்டையில் நானும் மொட்டையும் அக்கம்பக்கமாகப் படுக்கலாம், அவ்வளவு அகலம், இது கூட்டிச் சொன்னது இல்லை. என்னண்ணே வாயே திறக்க மாட்டேங்கிறீங்க, உடம்பு சரியில்லையா என்று மொட்டை பயந்துவிட்டான். கிழக்குச் சரிவில் மட்டும் மரம் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். மழை விட்டதும் அதெல்லாம் வெட்டுக்கு என்றான். நான் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் உன் கம்பெனி தொடர்ந்து வாங்கும், அந்த மரங்கள் நம் மில்லுக்குத்தான் வரும், நான்தான் தட்டிப் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சித்தி என்னோடு பேசுவதில்லை, தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆய்வு ரிப்போர்ட் இந்த மாதக் கடைசியில் உங்கள் ஆபீசுக்கு வருமாம். அது வருவதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு கண்ணு, என் சித்தப்பாவைக் கேட்டேன், அவர் பொய் சொன்னார், நான் நம்பிவிட்டேன் என்று. வேலையில் வைத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. தைரியமாக இரு என்று சொல்லக்கூட எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் அவர்களிடம் கேள், வாங்குவதை ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட வேண்டாம், போனால் மில்காரர்கள் எதையும் கேட்காத வேறு ஒருவனுக்கு விற்பார்கள், சாயம் பூசிய மரம் அப்போதும் விழும். பணம் போட்டவர்கள் சொன்னால்தான் மில் முதலாளி கேட்பார். கீழே நிலத்தில் நிஜமாகவே மரம் நட்டு வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம்தான் மரம் வாங்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லச் சொல், மரம் லாரியில் ஏறுகிற இடத்துக்கே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் மதிப்பு இருந்தால் அது முழுக்க உனக்குத்தான். திட்டியாவது சித்திக்கு ஒரு வரி எழுது, அவள் மேல் தப்பு இல்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாமல் உன் ஆபீசில் காட்டு. அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன சித்தப்பா,
மில்லில் மரம் பிரித்தவன்