பாத்துட்டேன், ஊத்து சார்

ஐப்பசி 9, திங்கள்

விடாத மழை. பூந்தமல்லி ரோட்டில் ஆவடிப் பட்டாள லாரிகள், ஆஸ்பத்திரி வாசலெல்லாம் சேறு. எனக்கு ஜலதோஷம். மூக்கு இருந்தும் இல்லாத கணக்கு.

புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் காதர் பாயைப் போன வாரம் அடக்கம் செய்தாயிற்று. பதில் ஆள் இல்லை. உத்தரவு மட்டும் உயிரோடு. புட்டி மாறிப் போன வருஷம் ஒரு பெண் செத்ததிலிருந்து, கம்பவுண்டர் நான் மருந்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். டிரஸ்ஸர் லேபிளைப் பார்த்துப் பதில் சொன்ன பிறகே ஊற்ற வேண்டும். எல்லோரும் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. ஒவ்வொரு புட்டிக்கும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து பார்த்து, "பாத்துட்டேன், ஊத்து சார்." எரிச்சலாக வரும் எனக்கு.

இன்று ஒரு குளிர்காய்ச்சல்காரனுக்காகப் பழைய பழக்கத்தில் "கொய்னா மிக்ஸ்சர்" என்று கத்தினேன். பாய் கட்டுப் போடும் மூலையின் மறைப்புத் துணிக்குப் பின்னாலிருந்து அதே குரலில் அதே பதில் வந்தது. ஊற்றிவிட்டேன். அப்புறம்தான் பாய் இல்லை என்பது நினைவு வந்தது.

10, செவ்வாய்

துணியை விலக்கிப் பார்த்தேன். ஸ்டூல், பேசின், பாயின் துண்டு. ஆள் இல்லை. டாக்டரிடம் சொன்னால் கீழ்ப்பாக்கம்தான்.

சொன்ன பெயருக்கெல்லாம் பதில். பயம். சாயங்காலத்துக்குள், எழுத வெட்கம், துணையாகவும் இருந்தது.

12, வியாழன்

புது டிரஸ்ஸர். அம்பத்தூர்க்காரன், படு சுறுசுறுப்பு. வந்ததும் அலமாரியைத் துடைத்துப் புட்டிகளை உயரவாரியாக மாற்றி அடுக்கினான். நான் பெயரை முடிக்குமுன் "சரி சார்." தலை நிமிர்வதில்லை.

"லேபிளைப் பாருப்பா."

"நீ பாக்காததையா நான் பாத்துடப் போறேன்? சரின்னு சொல்லணும், அவ்ளோதானே சார் ஆர்டரு?"

மேற்பார்வைக்கு வந்த துரைக்கு ஏக திருப்தி. விதி இங்கே ஒழுங்காக நடக்கிறதாம்.

அவன் "சரி"க்குப் பிறகு, சற்றுத் தாமதித்து, அந்தக் குரலும். அவனுக்குக் கேட்கவில்லை போல.

13, வெள்ளி

பகலிலேயே இருட்டு. விமானக் குண்டு பயத்துக்கு ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம் வேறு. அயனம்பாக்கத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் இருமும் குழந்தை.

வழக்கமான இடத்திலிருந்த புட்டியை எடுத்து, "இருமல் மருந்து" என்றேன்.

"சரி சார்."

நின்றேன். பாயின் பதில் வரவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.

"அதான் சரின்னு சொல்ட்டேனே!"

துணி அசையவில்லை.

அந்தப் பெண் கேட்டாள்: "இன்னா சார், ஊத்தாம நின்னுகினு கீறே? யார்னா வரணுமா?"

புட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அபின் டிங்சர். ஒரு வேளை குடித்திருந்தால் குழந்தை எழுந்திருக்காது.

சரியான புட்டியைத் தேடி எடுத்து, லேபிளை நானே இரண்டு தரம் படித்துவிட்டுப் பெயரைச் சொன்னேன்.

"பாத்துட்டேன், ஊத்து சார்."

குரல் ரொம்பக் களைத்திருந்தது.