ஆங்கிரச வருஷத்தில் இறந்தவர்

ராயபுரம், திருப்பூர்
6 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வராத கடிதத்துக்கு நான் பதில் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும். எங்கள் முருகன் கோயில் தர்மகர்த்தாவுக்கு நீங்கள் மலேசியாவிலிருந்து எழுதியதை அவர் என் அப்பா ராஜவேலிடம் கொடுத்தார். அப்பா படித்துவிட்டு, "இது வேற சாமியப்பனா இருக்கும். நம்மாளு எப்பவோ செத்துப் போயிட்டாரு" என்று மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டார். பதில் இல்லாமல் விடுவது எனக்கு உறுத்தியது. போன் எண்ணும் கொடுத்திருந்தீர்கள். போனில் எனக்குப் பேச்சு வராது.

என் பெயர் ஜெயபாரதி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பனியன் ஏற்றுமதிக் கம்பெனி அலுவலகத்தில் வேலை.

உங்கள் தாத்தா போதகர் சாமியப்பன் ராயபுரத்து நெசவுக் குடும்பம், அவர் தம்பி பழனிமுத்து என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவின் தாத்தாவும் பழனிமுத்துதான். அவருக்குச் சாமியப்பன் என்று ஓர் அண்ணன் உண்டு. ஆனால் அவர் ஆங்கிரச வருஷம் ஆவணி மாதம், அதாவது 1932-ல், இறந்துவிட்டார். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பா கொமரலிங்கம் போய் அமராவதி ஆற்றங்கரையில் இறந்தவர்களுக்குப் பிண்டம் வைப்பார். புரோகிதர் படிப்பதற்கென்று அவர்கள் பெயரும் வருஷமும் எழுதிய நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் நானே பார்த்தேன். நீங்கள் வீணாகக் காத்திருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஜெயபாரதி

*

சுங்கைப் பட்டாணி
24 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெயபாரதிக்குச் சமாதானம் உண்டாகட்டும்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். உன் கையெழுத்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். ஆனால் விடை தவறு. நீ 1932-ல் இறந்ததாகச் சொல்பவர் 1971 வரை என் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

தாத்தா கோயமுத்தூரில் மிஷன் சபையொன்றில் உபதேசியாராக இருந்தார். ஆராதனையில் சாதிக்கொரு பாய் விரித்திருந்ததைப் பார்த்து, "ஒரே பாயில் உட்காருங்கள், இல்லாவிட்டால் நான் பிரசங்கம் செய்யமாட்டேன்" என்றாராம். யாரும் நகரவில்லை. அவர் வெளியேறிக் கப்பலேறினார். இங்கே ரப்பர்த் தோட்டத்தில், மரப்பால் நிறுக்கும் கொட்டகையில், எந்த மிஷனையும் சேராத தனிச்சபை நடத்தினார். பெயரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. ஊருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பதிலும் வந்ததில்லை.

எஸ்தர்களும் மேரிகளும் நிறைந்த எங்கள் சபையில் நான் ஒருத்திதான் தெய்வாத்தாள். தாத்தா வைத்த பெயர், அவருடைய அம்மாவின் பெயராம். உன் நோட்டில் அது இருக்கிறதா, பார்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவர்களும் போய்விட்டார்கள். அங்கே யாராவது இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

அன்புடன்,
தெய்வாத்தாள்

*

ராயபுரம்
11 மே 2025

அன்புள்ள அத்தைக்கு,

நோட்டில் முதல் பெயரே தெய்வாத்தாள்தான். முறை வைத்துப் பார்த்தால் நீங்கள் அப்பாவுக்கு அக்கா, எனக்கு அத்தை. இப்படி அழைப்பது தவறென்றால் சொல்லுங்கள்.

அப்பாவிடம் கேட்கப் பயம். அவருடைய அக்கா பூவாத்தாள் பெரியத்தையிடம் கேட்டேன். பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"செத்தவருதான் கண்ணு. ஆனா உசுரோட செத்தவரு. ஏசு வேதத்துல சேந்துட்டாருன்னு நம்மாளுக கூடி, அவரு கோயமுத்தூர்ல நல்லா இருக்கையிலயே கருமாதி பண்ணிப் போட்டாங்க."

"அவர் எழுதுன கடுதாசியெல்லாம் என்னாச்சுங்க?"

"செத்தவன் எழுதுன கடுதாசிய ஆரு வாங்குவா?"

கருமாதிக்கு அடுத்த ஆடியில் ஆண்கள் ஆற்றுக்குக் கிளம்பியபோது சாமியப்பனின் அம்மா வண்டிக்குக் குறுக்கே நின்றாராம். "அவன் செத்துப் போயிட்டான்னு சொன்னது நீங்க. செத்தவனுக்குச் சோறு வெக்கோணுமல்லோ? வெய்யுங்க. இல்லீன்னா உசுரோட இருக்கறான்னு சொல்லிப் போட்டுப் போங்க." ஆற்றில் அவருக்கும் ஓர் உருண்டை வைத்தார்கள். அன்று ஏறிய பெயர்தான் இன்றுவரை படிக்கப்படுகிறது.

அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே என் மனம் ஆற்றுக்குப் போய்விடுகிறது. தண்ணீரில் ஓர் உருண்டைச் சோறு மெல்லக் கரைகிறது. மீன்கள் கொத்துகின்றன. அதே நேரம் கடலுக்கு அப்பால், ரப்பர் மர நிழலில், அவர் பேசிக்கொண்டிருக்கிறார். முப்பத்தொன்பது வருஷம் இப்படி. அந்த நாட்களில் அவருக்கு வயிறு நிறைந்தமாதிரி இருந்திருக்குமா? கிறுக்குத்தனமான கேள்விதான்.

தங்கள்,
ஜெயபாரதி

*

சுங்கைப் பட்டாணி
2 ஜூன் 2025

என் அன்பு ஜெயபாரதிக்கு,

அத்தை என்று எழுதிவிட்டு அனுமதி வேறு கேட்கிறாய். அந்தச் சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிவிட்டு வந்தேன்.

தாத்தாவுக்கு வயிறு நிறைந்ததே இல்லை, கண்ணே. தனிச்சபைப் போதகருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? பாதி நாள் மரவள்ளிக்கிழங்குதான். தன் அம்மா வண்டியை மறித்தது தெரிந்திருந்தால் அன்று இரண்டு கிழங்கு அதிகம் சாப்பிட்டிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மரித்தவர்களுக்குப் படைப்பது கூடாது என்று ஆயுள் முழுக்கப் பிரசங்கித்தவர் அவர். அந்த நம்பிக்கையோடுதான் கண்ணை மூடினார். அவர் பெயரில் பிண்டம் போவது தெரிந்தும் நான் பேசாமல் இருந்தால் அது அவருக்குத் துரோகம். வரும் ஆடிக்கு முன் அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல் உன் அப்பாவிடம். கோபித்துக்கொள்ளாதே.

உன் அத்தை,
தெய்வாத்தாள்

*

ராயபுரம்
22 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

கோபம் இல்லை. மூன்று நாள் உங்கள் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"அந்தம்மா சொல்றது நாயந்தானே. அடிச்சுப் போட்டாப் போச்சு" என்று நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

நான் நோட்டின் மேல் கையை வைத்துவிட்டேன். "வேண்டாங்கப்பா" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

"ஏன்டா ராஜவேலு, உன்ற புள்ள வாயத் தொறந்துட்டா. காயப் போட்ட துணிய எடுத்துப் போடு, மழை வரப் போகுது" என்றார் பெரியத்தை.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானா வேண்டாங்கறேன்? அவரு பேத்தி சொல்றாங்க. அவங்களே இருக்கட்டும்னா இருந்துட்டுப் போகுது. எழுதிக் கேளு. ஆடி அமாவாசைக்குள்ள பதில் வல்லீன்னா அடிச்சுருவேன்."

அவரிடம் சொல்ல வராததை உங்களுக்கு எழுதுகிறேன். இறந்த பிறகு போதகருக்குப் பசி இல்லை என்று நீங்கள் சொன்னால் நம்புகிறேன். பிண்டம் வேண்டாம். அந்த ஒன்றை மட்டும் அப்பாவிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார். புரோகிதர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தால் மட்டும் போதும், தண்ணீருக்குக் கேட்கிற அளவுக்கு. அவர் இறந்த வருஷத்தையும் திருத்திவிடலாம்.

அந்த நோட்டைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை, அத்தை. படங்கள்கூட இல்லை. உறவெல்லாம் கூடி ஒருவரை இல்லை என்று தள்ளியபோது, எழுத்தறியாத ஓர் அம்மா சண்டை போட்டு வாங்கிய ஒரு வரிதான் இருக்கிறது. தொண்ணூறு வருஷமாக அவர்களால் முடியாததை, இப்போது நாம் நல்ல எண்ணத்தோடு செய்து முடித்துவிடுவோம் என்று பயமாக இருக்கிறது.

அமாவாசைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்றே இதைக் கேட்டிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. "இருக்கட்டும்" என்று ஒரே ஒரு வார்த்தை அப்பாவுக்கு எழுதுவீர்களா?

தங்கள்,
ஜெயபாரதி